ஐபோன் 16-ஆ, கேலக்ஸி எஸ்25-ஆ? போன் வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே தரம், நேருக்கு நேர் போட்டி போடும் இரண்டு போன்கள். வாங்கப் போவது ஒன்றுதான். அந்த நேரத்தில் எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது என்பதால் ஒரு ஜோடியை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: 2024 செப்டம்பரில் ஆப்பிள் அறிவித்த ஐபோன் 16, 2025 ஜனவரியில் சாம்சங் அறிவித்த கேலக்ஸி எஸ்25. நீங்கள் வேறு ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கேள்விகள் இவைதான். எண்கள் மட்டும் மாறும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஸ்பெக்ஸ் பட்டியலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒப்பீட்டுப் பட்டியல்களில் ஐம்பது அறுபது வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் எது பெரிய எண்ணோ அதற்குப் பச்சை நிறம் அடித்திருப்பார்கள். பச்சையை எண்ணிப் பார்த்துப் போன் வாங்குகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த வரிகளில் முக்கால்வாசி உங்கள் அன்றாடப் பயன்பாட்டில் ஒரு தடவைகூடத் தலைகாட்டாது.

இப்போது கையில் இருக்கிற போனை ஏன் மாற்ற நினைக்கிறீர்கள்? சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்கிறதா? இடம் போதவில்லையா? இரவில் எடுத்த படம் மங்கலாக வருகிறதா? அப்டேட் நின்றுவிட்டதா? அந்தக் காரணங்களை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்றுக்கு மேல் வராது. அப்புறம் பட்டியலைத் திறந்து அந்த மூன்றுக்கும் சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் பாருங்கள். மூன்றில் ஒன்று வெறும் பேட்டரிச் சோர்வு என்றால், பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்ட முடியுமா என்றும் யோசியுங்கள். அது எந்தப் பட்டியலிலும் இருக்காது.

பெயர் ஒன்றாக இருந்தால் போனும் ஒன்றுதானே?

இல்லை. 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24 சில நாடுகளில் ஸ்னாப்டிராகன் சிப்போடும், பல நாடுகளில் சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ் 2400 சிப்போடும் விற்கப்பட்டது. பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சிப் வேறு. எஸ்25-இல் அந்தச் சிக்கல் இல்லை, எல்லா இடத்திலும் ஸ்னாப்டிராகன் 8 எலைட்தான். ஐபோனில் வேறு மாதிரி வித்தியாசம்: அமெரிக்காவுக்கான ஐபோன் 16-இல் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். சீனாவில் விற்கும் மாடலில் இரண்டு நானோ சிம் போடலாம்.

அதனால் வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால் மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் நெட்வொர்க் பயன்படுத்தும் 5ஜி பேண்டுகள் (அலைவரிசைகள்) அதில் இருக்கின்றனவா, வாரண்டி உங்கள் நாட்டில் செல்லுமா என்பதை முன்கூட்டியே பாருங்கள். விமர்சனம் படிக்கும்போதும் அவர் சோதித்தது எந்த நாட்டு மாடல் என்று கவனியுங்கள்.

60 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாது. ஐபோன் 16-இன் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும். எஸ்25 தேவைக்கேற்ப 120 முறை வரை போகும், அசைவில்லாத பக்கத்தில் 1 வரை இறங்கும். வேகமாக ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்துகள் எவ்வளவு தெளிவாக ஓடுகின்றன என்பதில்தான் இது முதலில் தெரியும். வீடியோ பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது, காரணம் பெரும்பாலான படங்களும் தொடர்களும் நொடிக்கு 24 முதல் 30 ஃபிரேம்களில்தான் இருக்கின்றன.

இப்போது நீங்கள் வைத்திருப்பது 120 ஹெர்ட்ஸ் போன் என்றால் ஐபோன் 16-ஐ எடுத்ததும் முதல் சில நாள் இழுப்பது போல இருக்கும். 60-லேயே இருந்து பழகியவருக்கு ஒன்றும் தோன்றாது. என் கருத்தைக் கேட்டால், 2024-இல் இந்தத் தரத்தில் ஒரு போனுக்கு 60 ஹெர்ட்ஸ் திரை கொடுத்தது கஞ்சத்தனம். அடுத்த வருடம் ஐபோன் 17-இல் ஆப்பிளே 120-க்கு வந்துவிட்டது.

திரையில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

6.1 அங்குலமா 6.2 அங்குலமா, அங்குலத்துக்கு 460 பிக்சலா 416 பிக்சலா என்பதையெல்லாம் விட்டுவிடலாம். கையில் பிடிக்கும் தூரத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. வெயிலில் படிக்க முடிகிறதா என்பதைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து பார்க்க விட்டால் பாருங்கள்.

ஒரு சிலருக்கு மட்டும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க மிக வேகமாக அணைந்து எரியும். பெரும்பாலோருக்கு இது தெரியாது, சிலருக்கு இருட்டில் கொஞ்ச நேரம் படித்தாலே கண் வலியோ தலைவலியோ வரும். இரண்டுமே ஓஎல்இடிதான். உங்களுக்கு அந்தத் தொந்தரவு இருந்தால், நண்பரிடம் இருக்கும் அதே மாடலை வாங்கி இரவில் வெளிச்சத்தைக் குறைத்து அரை மணி நேரம் படித்துப் பாருங்கள்.

3561 எம்ஏஎச்-க்கு எதிராக 4000 எம்ஏஎச். பெரியது வெல்லும்தானே?

எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு. தொட்டி எவ்வளவு பெரிது என்று அது சொல்லும், குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லாது. சிப் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, திரை எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது, சிக்னல் எவ்வளவு பலவீனம், பின்னணியில் எத்தனை ஆப் விழித்திருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் நாள் முழுக்க வருமா என்பதைத் தீர்மானிக்கும். ஐபோன்கள் பல வருடமாகச் சிறிய பேட்டரியை வைத்துக்கொண்டே போட்டியாளர்களுக்கு ஈடு கொடுத்து வருகின்றன.

நிறுவனங்கள் தரும் மணிக் கணக்கையும் நேராக ஒப்பிட முடியாது. வீடியோ பார்க்க ஐபோன் 16-க்கு 22 மணி நேரம் என்கிறது ஆப்பிள். எஸ்25-க்கு 29 மணி நேரம் என்கிறது சாம்சங். இரண்டு பேரும் தங்கள் தங்கள் சோதனைக்கூடத்தில், தங்கள் தங்கள் முறைப்படி எடுத்த அளவு. ஒரே ஆள் ஒரே முறையில் இரண்டையும் சோதித்த விமர்சனத்தைத் தேடிப் படியுங்கள்.

2025 ஜூன் 20 முதல் இதற்கு இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தத் தேதியிலிருந்து சந்தைக்கு வரும் போன்களுக்கு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பது மாதிரி ஒரு ஆற்றல் லேபிள் கட்டாயம். ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடும், எத்தனை சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு பேட்டரி 80 சதவீதத்துக்கு இறங்கும், கீழே விழுந்தால் எப்படித் தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதெல்லாம் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான சோதனை முறையில் அதில் இருக்கும். எப்ரெல் என்ற பெயரில் பொதுத் தரவுத்தளமும் இருக்கிறது, எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம். அதிலும் முழு ஒழுங்கு வந்துவிடவில்லை. சோதனை விதிகளில் தெளிவு போதாது என்று சொல்லி ஆப்பிள் தன் மதிப்பெண் சிலவற்றைத் தானே ஒரு படி குறைத்துக்கொண்டது. இருந்தாலும் விளம்பர வாசகங்களைவிட இது நூறு மடங்கு மேல்.

சார்ஜ் ஏறும் வேகம்?

இந்த இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எஸ்25 அதிகபட்சம் 25 வாட். ஐபோன் 16-க்கு 20 வாட் அல்லது அதற்கு மேல் உள்ள சார்ஜர் இருந்தால் அரை மணியில் பாதி ஏறும் என்கிறது ஆப்பிள். இரண்டு பெட்டியிலும் சார்ஜர் கிடையாது, கேபிள் மட்டும்தான். இரண்டுமே யுஎஸ்பி-சி என்பதால் வீட்டில் நல்ல சார்ஜர் இருந்தால் அதுவே போதும். கால் மணியில் முழுக்க ஏற வேண்டும் என்பவர் இந்த ஜோடியையே பார்க்க வேண்டாம்.

பெஞ்ச்மார்க் எண்களை எவ்வளவு நம்பலாம்?

பெஞ்ச்மார்க் என்பது போனின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் சோதனை. சிப்பின் உச்ச வேகம் என்ன என்று அறிய அதை நம்பலாம். அந்த உச்சம் உங்களுக்குக் கிடைக்குமா என்பது வேறு விஷயம். 2022-இல் சாம்சங் போன்களில் இருந்த ஒரு மென்பொருள் ஆயிரக்கணக்கான ஆப்களின் வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டே, பெஞ்ச்மார்க் ஆப்களை மட்டும் முழு வேகத்தில் விட்டது தெரியவந்தது. கீக்பெஞ்ச் என்ற பெஞ்ச்மார்க் ஆப் அப்போது எஸ்10 முதல் எஸ்22 வரையிலான மாடல்களைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆப்பிள் பக்கமும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமல் குறைத்ததை 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது.

ஐபோன் 16-இல் இருக்கும் ஏ18, எஸ்25-இல் இருக்கும் ஸ்னாப்டிராகன் 8 எலைட் இரண்டும் 3 நானோமீட்டர் சிப்கள். வாட்ஸ்அப், மேப், வீடியோ, கேமரா என்று பயன்படுத்துபவருக்கு இரண்டுமே தேவைக்கு மேல். கேம் விளையாடுகிறவர் மட்டும், முதல் நிமிட வேகத்தைப் பார்க்காமல் அரை மணி விளையாடிய பிறகு எவ்வளவு சூடாகிறது, ஃபிரேம் எவ்வளவு விழுகிறது என்று காட்டும் சோதனைகளைப் பார்க்க வேண்டும்.

8 ஜிபி ரேம், 12 ஜிபி ரேம்?

ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். இரண்டு வெவ்வேறு இயங்குதளங்களின் ரேமை எண்ணை வைத்து ஒப்பிட வேண்டாம். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் குறைந்த ரேமிலேயே சமாளிக்கிற மாதிரி எழுதப்பட்டது. இரண்டு ஆண்ட்ராய்டு போன்களை ஒப்பிடும்போது இந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு.

48 மெகாபிக்சல், 50 மெகாபிக்சல். எந்தக் கேமரா நல்லது?

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். இரண்டு போன்களின் முதன்மைக் கேமரா சென்சாரும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். நாலு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி வெளிச்சம் கூட்டும் வேலையையும் இரண்டும் செய்கின்றன. ஐபோன் சாதாரணமாக 24 மெகாபிக்சல் படமாகக் கொடுக்கும், சாம்சங் 12 மெகாபிக்சலாகக் கொடுக்கும். இரண்டும் போன் திரையில் பார்க்கப் போதுமானவைதான்.

படம் எப்படி வருகிறது என்பதை இன்றைக்கு லென்ஸைவிட மென்பொருள்தான் அதிகம் தீர்மானிக்கிறது. தோல் நிறத்தை எப்படிக் காட்டுகிறது, வானத்தை எவ்வளவு நீலமாக்குகிறது, நிழலை எவ்வளவு தூக்கிவிடுகிறது, இரவில் சின்னச் சின்ன விவரங்களைத் தேய்த்துவிடுகிறதா என்பதெல்லாம் ஒவ்வொரு நிறுவனத்தின் ரசனை. இதில் சரி, தப்பு கிடையாது. நீங்கள் எந்த மாதிரிப் படத்தை விரும்புகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஐபோன் 16-இல் இந்த ரசனையை ஓரளவு நீங்களே மாற்றி வைத்துக்கொள்ளலாம், போட்டோகிராஃபிக் ஸ்டைல்ஸ் என்ற வசதி அதற்குத்தான்.

ஒப்பீட்டு வீடியோக்களில் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் கட்டிடமும் பூவும்தான் இருக்கும். அதில் எல்லாப் போனும் நன்றாகத்தான் எடுக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வீட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தை, ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் முகம், இருட்டில் கையில் பிடித்து எடுத்த வீடியோ. பட்டனை அழுத்திய நொடிக்கும் படம் பதிவான நொடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதும் சேர்த்தி. குழந்தை, நாய், பூனை இருக்கிற வீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

ஜூம் யாருக்குத் தேவை?

மேடை நிகழ்ச்சி, விளையாட்டு விழா, பறவை, தூரத்துப் போர்டு என்று எடுப்பவர்களுக்கு. எஸ்25-இல் தனியாக 3 மடங்கு ஆப்டிகல் ஜூம் லென்ஸ் இருக்கிறது, 10 மெகாபிக்சல். ஐபோன் 16-இல் அப்படித் தனி லென்ஸ் இல்லை. 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து 2 மடங்கு தருகிறது. 2 வரைக்கும் அது நன்றாகவே இருக்கும், அதைத் தாண்டினால் எஸ்25 முன்னால் போய்விடும். எதிர்ப்பக்கம், ஐபோன் 16-இன் அகலக் கேமராவில் ஆட்டோஃபோகஸ் இருப்பதால் எறும்பு, நகை, மாத்திரை அட்டையின் பொடி எழுத்து போன்றவற்றை மிக அருகில் வைத்து எடுக்கலாம். எஸ்25-இன் அகலக் கேமராவில் அது இல்லை.

நிலாவை எடுத்துக் காட்டி ஜூமை விளம்பரம் செய்வதைப் பார்த்து மயங்க வேண்டாம். 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் போனால் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களெல்லாம் படத்தில் வந்தன. காட்சியில் இருப்பது நிலா என்று அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவு விவரங்களைக் கூட்டுகிறது என்று சாம்சங்கும் விளக்கம் கொடுத்தது. அழகான படம்தான். லென்ஸின் திறமைக்கு அது சான்று இல்லை.

ஸ்டோரேஜ் எவ்வளவு வாங்கலாம்?

இரண்டிலும் மெமரி கார்டு போட முடியாது, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசி வரை. இரண்டும் 128 ஜிபியில் ஆரம்பிக்கின்றன, அதில் இயங்குதளமே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இப்போதைய போனில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். 80 ஜிபி தாண்டியிருந்தால் 256-க்குப் போவதுதான் நல்லது. 4கே வீடியோவை 60 ஃபிரேமில் எடுத்தால் ஐபோனில் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி ஆகும். ஒரு கல்யாண வீட்டில் ஒன்றேகால் மணி நேரம் எடுத்தால் 30 ஜிபி.

அந்த 30 ஜிபியைக் கம்ப்யூட்டருக்குக் கேபிளில் மாற்றும்போது ஒரு விஷயம் தெரியவரும். ஐபோன் 16-இன் யுஎஸ்பி-சி துளை புதுசு மாதிரி இருந்தாலும் உள்ளே ஓடுவது யுஎஸ்பி 2 வேகம், நொடிக்கு 480 மெகாபிட். ஒரு தடங்கலும் இல்லாவிட்டாலே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்25-இல் நொடிக்கு 5 ஜிகாபிட் வரை போகலாம், கணக்குப்படி ஒரு நிமிடத்துக்குள் முடியும். நடைமுறையில் இரண்டுமே இன்னும் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஆனாலும் எஸ்25 முன்னால் இருக்கும். வேகமாக மாற்ற அதற்கேற்ற கேபிள் வேண்டும், பெட்டியில் வருவது எல்லா நேரமும் அப்படி இருக்காது. எல்லாவற்றையும் கிளவுடிலேயே வைப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

ஐபி68 என்றால் தண்ணீரில் போடலாமா?

வேண்டாம். 6 என்பது தூசிக்கு, 8 என்பது தண்ணீருக்கு. எத்தனை மீட்டர் ஆழம் என்பதை நிறுவனமே குறிப்பிடும். ஐபோன் 16-க்கு 6 மீட்டர், எஸ்25-க்கு 1.5 மீட்டர், இரண்டுக்கும் 30 நிமிடம். இது சோதனைக்கூடத்தில், நல்ல தண்ணீரில், புதுப் போனில். கடல் நீர், நீச்சல் குளத்து குளோரின், சோப்புத் தண்ணீர் எதற்கும் உத்தரவாதம் இல்லை. போன் கீழே விழுந்து, திரை மாற்றி, வருடம் போகப் போகத் தாங்கும் சக்தியும் குறையும். தண்ணீர் புகுந்து கெட்டால் சாதாரண வாரண்டியில் சேராது. மழையில் நனைந்தால் பயப்பட வேண்டாம் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் இரண்டும் சமம்.

கைரேகையா, முகமா?

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனைத் திறக்கிறோம் என்று பாருங்கள். எஸ்25-இல் திரைக்கு அடியில் அல்ட்ராசோனிக் கைரேகை சென்சார் இருக்கிறது. முகத்தைக் காட்டியும் திறக்கலாம், ஆனால் அது முன் கேமராவை மட்டும் நம்பியிருப்பதால் பாதுகாப்பு குறைவு. ஐபோன் 16-இல் கைரேகை கிடையாது. ஃபேஸ் ஐடி மட்டும்தான், கும்மிருட்டிலும் வேலை செய்யும். வேலையில் கை ஈரமாகவோ மாவாகவோ இருப்பவருக்கு முகம் வசதி. மேசையில் கிடக்கிற போனைக் குனியாமல் திறக்க வேண்டும் என்பவருக்கு விரல் வசதி.

எத்தனை வருடம் அப்டேட் வரும்?

நான்கு ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் கேமராவுக்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். எஸ்25-க்கு ஏழு தலைமுறை ஆண்ட்ராய்டு, ஏழு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்று சாம்சங் முன்கூட்டியே உறுதி கொடுத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு உலகில் இந்த ஏழு வருடக் கணக்கை முதலில் கொண்டுவந்தது 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8. சாம்சங் அதை எஸ்24-லிருந்து பின்பற்றுகிறது.

ஆப்பிள் இப்படி எண் சொல்லி விளம்பரம் செய்வதில்லை. ஆனால் அதன் பழைய நடவடிக்கை கண்முன் இருக்கிறது: 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 வரை பெற்றது. 2025-இல் வந்த ஐஓஎஸ் 26-இல்தான் அது கழன்றது, 2019-இன் ஐபோன் 11 இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஆக, ஒரு பக்கம் எழுத்தில் வாக்குறுதி, இன்னொரு பக்கம் பல வருடப் பழக்கம். நான் இரண்டையும் சமமாகவே எடுத்துக்கொள்வேன்.

இரண்டு எச்சரிக்கை. வருடக் கணக்கு போன் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. ஒன்றரை வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த ஒன்றரை வருடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஏழாவது வருடத்தில் அப்டேட் வரலாம், ஆனால் நடுவில் ஒரு முறையாவது பேட்டரி மாற்றாமல் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர முடியாது. அதற்கான சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதா?

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கோ மாறுவது எவ்வளவு சிரமம்?

என்னைக் கேட்டால் இந்த முழு ஒப்பீட்டிலும் மிகப் பெரிய கேள்வி இதுதான். ஒப்பீட்டுப் பட்டியல்களில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

தொடர்பு எண்கள், போட்டோ, மெசேஜ் எல்லாம் சுலபமாக மாறிவிடும். ஐபோனுக்கு வருபவர்களுக்கு ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப், சாம்சங்குக்குப் போகிறவர்களுக்கு ‘ஸ்மார்ட் ஸ்விட்ச்’. வாட்ஸ்அப் உரையாடல்கள் ஒரு காலத்தில் மாறவே மாறாது. ஐபோனிலிருந்து சாம்சங்குக்கு 2021-லும், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு 2022-லும் அந்த வழி திறந்தது. ஆனால் புதுப் போனை முதன்முதலாக செட்டப் செய்யும்போதே இதைச் செய்துவிடுங்கள். அவசரத்தில் போனைத் திறந்து பயன்படுத்த ஆரம்பித்துவிட்டு, அப்புறம் வாட்ஸ்அப்பைக் கொண்டுவர மறுபடி எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து வருபவர்கள் ஏராளம்.

மாறாதவை இவை: காசு கொடுத்து வாங்கிய ஆப்களை அந்தப் பக்கம் மறுபடி வாங்க வேண்டும். ஆப்பிள் வாட்ச் ஐபோன் இல்லாமல் ஓடாது, 2021-க்குப் பிறகு வந்த கேலக்ஸி வாட்ச்கள் ஐபோனோடு சேராது. கையில் இருக்கும் வாட்ச் எந்தப் பக்கமோ, பலருக்குப் போனும் அந்தப் பக்கமே முடிவாகிவிடுகிறது. இயர்போன் அப்படி இல்லை, எதுவும் எதிலும் பாட்டுப் பாடும், சில கூடுதல் வசதிகள் மட்டும் போய்விடும். ஓடிபி தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப், வங்கி ஆப் இவற்றைப் புதுப் போனில் பதிந்து முடிக்கும் வரை பழைய போனை அழிக்காதீர்கள்.

ஐபோனை விட்டுப் போகிறவர்கள் சிம்மைக் கழற்றும் முன் செட்டிங்ஸில் ஐமெசேஜை (ஆப்பிளின் சொந்த மெசேஜ் வசதி) அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் மெசேஜ் கொஞ்ச நாள் உங்களுக்கு வராமலே போகலாம்.

வீட்டில் மற்றவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்த்தி. போட்டோ பகிர்வது, குடும்பச் சந்தா, வயதானவர்களுக்குப் போனில் ஏதாவது குழம்பினால் சொல்லிக்கொடுப்பது எல்லாமே ஒரே பக்கம் இருந்தால் சுலபம்.

ஏஐ வசதிகளை வைத்து முடிவெடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஐபோன் 16-ஐ விற்கும்போது பேசப்பட்ட புதிய சிரி வசதிகள் தாமதமாகும் என்று 2025 மார்ச்சில் ஆப்பிள் அறிவித்தது. நம்பி வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். எஸ்25-இல் பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தால் கூகுளின் ஏஐ உதவியாளர் ஜெமினி வரும், நன்றாகவே பேசும். ஆனால் ஜெமினி, சாட்ஜிபிடி ஆப்களை ஐபோனிலும் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு வேலை செய்கிற வசதிக்கு மட்டும் மதிப்புக் கொடுங்கள், வரப்போவதாகச் சொல்வதற்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்த மாடல் வரும் வரை காத்திருக்கலாமா?

ஆப்பிள் செப்டம்பரில், சாம்சங் எஸ் வரிசை வருடத் தொடக்கத்தில். இந்தச் சுழற்சி பெரும்பாலும் மாறுவதில்லை. வெளியீட்டுக்கு இரண்டு மாதத்துக்குள் இருந்தால் காத்திருப்பது லாபம்: புதுசு பிடித்தால் அதை வாங்கலாம், பிடிக்காவிட்டால் பழசின் விலை இறங்கியிருக்கும். 2025 செப்டம்பரில் அதுதான் நடந்தது. ஐபோன் 17-இல் 120 ஹெர்ட்ஸ் திரையும் 256 ஜிபி ஆரம்ப ஸ்டோரேஜும் வந்தன, ஐபோன் 16 குறைந்த விலையில் தொடர்ந்தது. போன் உடைந்து கிடக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம், வாங்கிவிடுங்கள்.

கடையில் கையில் எடுத்து என்ன பார்ப்பது?

காட்சிக்கு வைத்திருக்கும் போனில் வெளிச்சம் முழுக்கக் கூட்டியிருப்பார்கள். அதை முதலில் உங்கள் வழக்கத்துக்கு இறக்குங்கள். பிறகு ஒற்றைக் கையில் பிடித்து, கட்டை விரல் மேல் மூலைக்கு எட்டுகிறதா பாருங்கள். ஐபோன் 16, 170 கிராம். எஸ்25, 162 கிராம், கொஞ்சம் மெலிசும்கூட. காகிதத்தில் எட்டு கிராம் ஒன்றுமே இல்லை. படுத்துக்கொண்டு படிக்கிறவர் கைக்கு அது தெரிய வாய்ப்பு உண்டு. நீங்கள் கவர் போடுகிறவர் என்றால் கவரோடு பிடித்துப் பாருங்கள்.

அடுத்தது கீபோர்டு. உங்கள் மொழியில் ஒரு பத்தி டைப் செய்து பாருங்கள். நாள் முழுக்க அதைத்தான் செய்யப் போகிறீர்கள். ‘பேக்’ போவது எப்படி, நோட்டிஃபிகேஷன் எப்படிக் குவிகிறது என்றும் ஐந்து நிமிடம் நோண்டுங்கள். புதுப் பக்கத்துக்கு மாறுகிறவர்களை எரிச்சலூட்டுவது இந்தச் சின்னச் சின்னப் பழக்கங்கள்தான்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் முடிவு வரவில்லை. என்ன செய்ய?

இரண்டும் உங்களுக்குப் போதும் என்று அர்த்தம். இப்போது எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அந்தப் பக்கமே வாங்குங்கள். மாறுவதில் உள்ள சிரமத்துக்கு ஈடாகக் குறிப்பிட்ட ஏதாவது ஒன்று கிடைத்தால் மட்டும் மாறுங்கள். ஜூம் வேண்டும், கைரேகை வேண்டும், ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் ஆப் போட வேண்டும் என்பவருக்கு எஸ்25. வீட்டில் எல்லோரும் ஐபோன், கையில் ஆப்பிள் வாட்ச், பழையதை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு மாற்றும் பழக்கம் என்றால் ஐபோன் 16. ஒரு பக்கமும் சாயாத புது ஆளுக்கு, இந்த ஜோடியில் மட்டும் பார்த்தால், திரைக்காகவும் ஜூமுக்காகவும் எஸ்25-ஐத்தான் நான் சொல்வேன்.

வாங்கிய பிறகு முதல் வாரத்தில் என்ன செய்வது?

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் எத்தனை நாள் என்று பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள், பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் பேட்டரி வேகமாக இறங்கும். போட்டோக்களை வகைப்படுத்துவது, ஆப்களை இறக்குவது என்று பின்னணியில் வேலை ஓடிக்கொண்டிருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் சிக்னல் மோசமான மூலை எதுவோ அங்கே நின்று ஒரு கால் பேசுங்கள். இரண்டு சிம் என்றால் இரண்டிலும் பேசிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளைப் படங்களைத் திரை முழுக்க வைத்துப் புள்ளி, கறை ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர், எல்லா மைக், எல்லாக் கேமராவும் ஒரு முறை. ஏதாவது சரியில்லை என்றால் அந்த அவகாசத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். நாள் தாண்டினால் மாற்றிக் கேட்பது போய், ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.